கம்ப்யூட்டர் போட்ட சண்டை

என் தங்கை போட்ட வாள் சண்டையைக் கம்ப்யூட்டர் போட்டது என்று ஒருவன் சொன்னான். யூடியூபில் சினிமா விமர்சனம் செய்கிறவன். பின்னால் நீல விளக்கு, முன்னால் பெரிய மைக், நடுவில் அவன். படத்தைப் பற்றி ஆறு நிமிடம் பேசினான். அதில் என் தங்கைக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம். "ஹீரோயின் கத்தி சுத்துறது எல்லாமே கிராபிக்ஸ்னு அப்பட்டமா தெரியுது, கொஞ்சமாவது உழைச்சிருக்கலாம்." சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான்.

கொஞ்சமாவது உழைத்திருக்கலாமாம். நான் திருக்கனூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தபோது என் கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் இருந்தது. வாங்க வந்த பெண் எதிரிலேயே நின்றிருந்ததால் வளையல்கள் தப்பித்தன. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை சினிமாவில் டூப். கதாநாயகிக்குப் பதிலாகக் குதிப்பவள், விழுபவள், அடி வாங்குபவள். முகம் தெரியாமல் இருப்பதுதான் அவள் வேலை. தெரிந்துவிட்டால் அந்த ஷாட்டை மறுபடி எடுப்பார்கள். பண்டசோழநல்லூரில் அவள் பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் சிலம்பம் பழகினாள், கல்லூரி முடித்ததும் சென்னைக்குப் போய் ஒரு சண்டை மாஸ்டரிடம் சேர்ந்தாள். ஐந்து வருடம் சீரியல், விளம்பரம், தெலுங்குப் படம் என்று எதிலெதிலோ விழுந்து எழுந்தாள். இந்தப் படத்தில்தான் முதல் முறையாக ஒரு முழுச் சண்டை அவளுக்குக் கிடைத்தது.

படம் ஒரு கடல் சாகசக் கதையின் இரண்டாம் பாகம். கப்பல், தீவு, புதையல், வாள் வீசுகிற இளவரசி, கப்பலில் எப்படியோ ஏறிவிட்ட ஒரு கழுதை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். நெளிய வேண்டாம், எழுந்து வெளியே போக வேண்டாம். முதல் பாகம் வந்த வருடம் என் கடையில் பிளாஸ்டிக் வாள் வைத்த அன்றே தீர்ந்துபோகும். இரண்டாம் பாகத்தில் இளவரசி கப்பல் படிக்கட்டில் நின்று ஏழு கொள்ளைக்காரர்களோடு சண்டை போடுகிறாள். முகம் தெரிகிற இடம் நாலோ ஐந்தோ, அது கதாநாயகி. மற்றதெல்லாம் என் தங்கை.

அந்தச் சண்டை எனக்கு மனப்பாடம். லீவில் வந்தபோதெல்லாம் எங்கள் மொட்டைமாடியில் அதைத்தான் பழகினாள். எதிரே நிற்க ஆள் வேண்டுமே, ஒட்டடைக் குச்சியைக் கொடுத்து என்னை நிறுத்தினாள். மூன்றாவது கொள்ளைக்காரன் நான். இரண்டு எட்டு முன்னால் வந்து, குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி, அவள் குனிந்ததும் காற்றில் வீசி, பின்னால் சாய வேண்டும். நாற்பது வயதில் எத்தனை முறை சாய்ந்திருப்பேன் என்று என் இடுப்பைத்தான் கேட்க வேண்டும். படப்பிடிப்பில் படிக்கட்டு நனைந்திருந்தது. ஆறாவது படியிலிருந்து வழுக்கி விழுந்ததில் அவளுக்கு இடது கை முறிந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போய் மிச்சச் சண்டையையும் போட்டு முடித்தாள். இதைத்தான் அந்த நீல விளக்குக்காரன் கம்ப்யூட்டர் என்கிறான்.

அவன் ஒருவன் என்றால் விட்டுவிடுவேன். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு இங்கிலீஷ் பேப்பரில் வந்ததை என் வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். கதாநாயகி மாதக்கணக்கில் வாள் பயிற்சி எடுத்த பலன் திரையில் தெரிகிறதாம். அந்தப் பெண் பயிற்சி எடுத்ததை நானும் மறுக்கவில்லை, கத்தியை எப்படிப் பிடிப்பது என்று என் தங்கைதானே சொல்லிக் கொடுத்தாள். ஆக, பாதிப் பேர் கம்ப்யூட்டரைத் திட்டினார்கள், மீதிப் பேர் கதாநாயகியைப் பாராட்டினார்கள். நடுவில் கை ஒடித்துக்கொண்ட ஒருத்தி இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் சொன்ன மற்ற குறைகளையும் கேளுங்கள். சண்டையில் ரத்தமே இல்லையாம், அதனால் விறுவிறுப்பு இல்லையாம். ஐந்து வயதுப் பிள்ளை மடியில் உட்கார்ந்து பார்க்கிற படத்தில் இவர்களுக்குக் குடல் சரிய வேண்டும். கழுதை கப்பலில் ஏறுவதற்கு லாஜிக் இல்லையாம். கழுதைக்கு எதற்கய்யா லாஜிக்? முதல் பாகத்தின் மாயம் இதில் இல்லையாம். இதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. முதல் பாகம் வந்தபோது இதே ஆட்கள்தான் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஜனங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த பிறகு அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இப்போது அதையே எடுத்து இரண்டாம் பாகத்தின் மண்டையில் போடுகிறார்கள்.

படத்தில் குறை இல்லை என்று சொல்லவில்லை. முதல் அரைமணி நேரம் இழுவைதான். வில்லன் பேசுவதில் பாதி புரியவில்லை. ஆனால் சமையலில் உப்பு குறைந்தால் உப்பு குறைவு என்று சொல்ல வேண்டும், சமைத்தவளே இல்லை என்று சொல்லக்கூடாது.

இவ்வளவு பேசுகிறேனே, அந்த வாரத்தில் வந்த விமர்சனங்களிலேயே மோசமான விமர்சனம் எது தெரியுமா? நான் கொடுத்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நம் பிள்ளைகளை நாமே மெச்சுவது கிடையாது. பத்துப் பேர் நடுவில் மெச்சவே கூடாது. கண் பட்டுவிடும். யாராவது நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், உடனே அதைவிடப் பெரிதாக ஒரு குறை சொல்லி மூடிவிட வேண்டும். என் தங்கை சிலம்பத்தில் கப்பு வாங்கி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாள். "கப்பு இன்னா கப்பு, தகரம். எவனும் வரல, இவளாண்ட குடுத்துட்டானுங்க" என்றாள் அம்மா. அந்தத் தகரத்தை அம்மா சாகும்வரை வாராவாரம் துடைத்து வைத்தாள். அவள் பெருமையில் பூரித்துப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கை அதற்கு முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாஸ்டர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேனா, வரவில்லையா என்று பதில் சொல்ல வேண்டும். பாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலையும் அவளுக்குத் தயாராக இருந்தது. கை ஒடிந்ததிலிருந்து அவள் மனம் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. "இந்தச் சண்டய ஜனங்க எப்டிப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சிக்கினு முடிவு பண்றேங்கா. நீயும் மாமாவும் போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கு பயமா இருக்குது, நான் வரல" என்றாள்.

நானும் வீட்டுக்காரரும் வில்லியனூர் போகிற வழியில் இருக்கிற தியேட்டரில் காலைக் காட்சி பார்த்தோம். அந்தச் சண்டை வந்தபோது நான் மூச்சு விடவில்லை. முன் வரிசையில் பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைத்ததில் ஐந்தாவது ஆள் விழுந்ததை நான் பார்க்கவே இல்லை.

வெளியே வந்தால் வாசலிலேயே மைக்கோடு ஒருவன் நின்றான். வருகிறவர்கள் வாயில் எல்லாம் மைக்கை நீட்டி, படம் எப்படி, எத்தனை மார்க் என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் தலையைக் குனிந்து நடந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. "எங்களாண்டயா கேக்குற? ஹீரோயினுக்கு டூப்பு போட்டதே இவ தங்கச்சிதான்பா" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மைக் என் பக்கம் திரும்பியது. போன கூட்டமும் திரும்பி வந்து சுற்றி நின்றது. "அக்கா, உங்க தங்கச்சிதான் அந்தப் படிக்கட்டு ஃபைட்டு போட்டாங்களா? செமயா இருந்துச்சே, நீங்க சொல்லுங்க" என்றான் அவன். நாற்பது ஐம்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். முன்பின் தெரியாத கண்கள். எனக்கு உள்ளே திக்கென்றது. அவளுக்கு ஒரு தடவை கை ஒடிந்தது போதாதா? வாய் அதுவாகவே பேசிவிட்டது.

"அட, அது இன்னா பெரிய சண்ட. எங்க தெருவுல பசங்க குச்சி வச்சிக்கினு அடிச்சிக்குவாங்களே, அந்த மாதிரிதான். அவளுக்கு ஒழுங்கா நிக்கவே வராது."

சொல்லிவிட்டு, நல்லபடியாக மூடிவிட்டோம் என்ற திருப்தியோடு பஸ் ஏறினேன். வீட்டில் தங்கை கதவருகே நின்றிருந்தாள். "எப்டிக்கா?" என்றாள். "ம், இருக்குது. பரவால்ல. கழுத நல்லா நடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் மேற்கொண்டு கேட்காமல் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்விட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த வீடியோ வந்தது. கொட்டை எழுத்தில் தலைப்பு: டூப் நடிகையின் அக்காவே படத்தைக் கழுவி ஊற்றினார். என் முகத்தை உறைய வைத்து, தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். செமயாக இருந்தது என்று அவன் சொன்னதை வெட்டிவிட்டான். என் வார்த்தைகள் மட்டும் இருந்தன. குச்சி வச்சிக்கினு, நிக்கவே வராது, குச்சி வச்சிக்கினு, நிக்கவே வராது என்று நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டு, நடுவில் கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தான். கடைக்கு வந்தவர்களெல்லாம் பார்த்திருந்தார்கள். ஒருத்தி ரிப்பன் எடுத்துக்கொண்டே, "சொந்த அக்காவே சொல்லிச்சுன்னா படம் எப்டி இருக்கும், நாங்க போவல" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த மைக்காரனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவன் வெட்டினான், ஒட்டினான், அவன் விளங்குவானா, அவன் மைக்கில் இடி விழ என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அவன் வெட்டுனது இருக்கட்டும்கா. வெட்டாத இருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?"

வெட்டாமல் இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்.

"கண்ணு பட்டுடும்னுதான்டி. அம்மாவும் அப்டித்தான..."

"கண்ணா?" அவள் போனைக் கீழே வைத்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "கண்ணு படணும்னா மொதல்ல எவனாவது என்னப் பாக்கணும்கா. அஞ்சு வருசமா எம்மூஞ்சிய எவன் பாத்தான்? ஒருத்தன் கம்ப்யூட்டருன்றான். ஒருத்தன் ஹீரோயினுன்றான். இந்த உலகத்துல அது நான்தான்னு தெரிஞ்சி பாத்தது நீயும் மாமாவும்தான். நீயும் கழுத நல்லா நடிச்சிருக்குதுன்ற."

நான் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். ஊரே செய்கிற வழக்கத்தை நான் செய்ததற்கு இவ்வளவு பேச்சா என்று ஒரு பக்கம் ரோஷமாகவும் இருந்தது. இன்னொரு பக்கம் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. இடுப்பில் தூக்கித் திரிந்த நாளிலிருந்து அவளை அழகு என்று சொன்னதில்லை, கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. கறுப்பி, வாயாடி, தடிமாடு என்று எத்தனை வசவு உண்டோ அத்தனையும் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். ஆசையாகச் சொன்னேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

"திங்கக்கெழம மாஸ்டராண்ட வரலன்னு சொல்லிடறேன். பாகூரு வேலைக்கே போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் நான் கடையைப் பூட்டினேன். பொதுவாகத் திங்கட்கிழமை கடையைப் பூட்டவே மாட்டேன். வீட்டுக்கு வந்து, "கெளம்புடி, படத்துக்குப் போலாம்" என்றேன். "இன்னாத்துக்கு?" என்றாள். "நீ போட்ட சண்டய நீ பாக்க வாணாமா? போன் சாயந்திரம்தான பண்ணணும், அதுக்குள்ள வந்துடலாம்" என்றேன். என்ன நினைத்தாளோ, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

நாலு நாளில் தியேட்டர் காலியாகிவிட்டிருந்தது. மொத்தம் இருபது பேர் இருந்தால் அதிகம். எங்களுக்குப் பின் வரிசையில் ஒருவர் பெண்டாட்டியோடும் மகளோடும் வந்திருந்தார். முதல் அரைமணி நேர இழுவையில் அந்தப் பெண்குழந்தை தூங்கி, கழுதைக்கு எழுந்து, சிரித்து, மறுபடி தூங்கப் பார்த்தாள். படிக்கட்டுச் சண்டை தொடங்கியதும் நிமிர்ந்துவிட்டாள். என் பக்கத்தில் தங்கை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் ஆள் விழுந்தான். இரண்டாவது ஆள் விழுந்தான். பின்னால் அந்த அப்பா மகளிடம் சொல்வது கேட்டது.

"இதெல்லாம் கிராபிக்ஸ்பா. சும்மா. ரிவியூல சொன்னாங்க."

நான் எழுந்து திரும்பி நின்றேன்.

"இன்னாங்க கிராபிக்ஸு? எது கிராபிக்ஸு? இங்க பாருங்க." தங்கையின் இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிக் காட்டினேன். திரை வெளிச்சத்தில் மணிக்கட்டிலிருந்து நீண்ட தையல் தழும்பு நன்றாகவே தெரிந்தது. "இதோ இவதான் அது. ஏழு பேரோட சண்ட போடறது இவதான். அந்தப் படிக்கட்டுலருந்து வுழுந்து கையி ஒடிஞ்சி உள்ள பிளேட்டு வச்சிருக்குது. கம்ப்யூட்டருக்குக் கையி ஒடியுமா?"

"யம்மா, மறைக்குது, ஒக்காரும்மா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மறைக்கட்டும்! மூணு நாளா ஊரே இவள மறைக்குது, நான் ரெண்டு நிமிசம் மறைச்சா இன்னா? நல்லா போட்டிருக்காய்யா! என் தங்கச்சி நல்லா சண்ட போட்டிருக்கா! எவன் கேட்டாலும் சொல்லுவேன்!"

யாரோ விசிலடித்தார்கள். கிண்டலுக்கா, நிஜத்துக்கா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தை என் தங்கை முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. இன்னும் பேச நிறைய இருந்தது, நீல விளக்குக்காரனில் தொடங்கி இங்கிலீஷ் பேப்பர் வரைக்கும் எல்லோரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருந்தேன். தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருக்கா. அவங்களாண்ட இன்னாத்துக்கு சொல்ற. என்னாண்ட சொல்லு."

உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத இருபது பேரிடம் கத்திச் சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்ல வரவில்லை. உள்ளே பழைய பயமும் போகவில்லை. இப்போது சொன்னால் நாளைக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஆகட்டும் என்று அவள் காதருகே குனிந்தேன்.

"நல்லா இருக்குதுடி" என்றேன். "மொத நாளே அழுதுட்டேன்டி நான்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. திரையில் வாள் வீசும் ஒவ்வொரு முறையும் அந்த விரல்கள் கொஞ்சம் இறுகித் தளர்ந்தன. ஐந்தாவது ஆள் விழுந்தான். இந்த முறை பார்த்தேன். ஆறாவது ஆள் வந்தபோது அவள் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"இங்க பாரு, எடது காலு லேட்டா வருது. அடுத்த படத்துல செரி பண்ணிடணும்."